‘சுகர், பிரஷர்தான், வேற ஒண்ணுமில்ல’: பயணக் காப்பீட்டில் விடுபட்ட ஒரு வரி

காரைக்குடி வட்டாரத்தில் காப்பீட்டுக் கிளைம் காகிதங்களில் சிக்கிக்கொள்ளும் குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர், ஊர், கம்பெனி, மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். அதற்கு முன் நடந்தவற்றை அவர்கள் சொன்னதிலிருந்தும், கையில் இருந்த காகிதங்களிலிருந்தும் சேர்த்திருக்கிறேன்.

பின்னணி

ஆச்சிக்கு அப்போது 66 வயது, கணவர் செட்டியாருக்கு 72. பெரிய வீடு, முகப்பையும் வளவையும் நாள் கிழமைக்கு மட்டும் திறந்து, மற்ற நாளில் பின்கட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். 2024 ஜனவரி கடைசியில் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. அதே வாரத்தில் தைப்பூசமும் வந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் இருக்கும் தெண்டாயுதபாணி கோயில் நகரத்தார்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) 1859-ல் எழுப்பியது. ஆச்சியின் அப்பச்சி (தந்தை) ஒரு காலத்தில் அந்த ஊருக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர். அந்தக் கோயிலைப் பூச நாளில் பார்க்க வேண்டும் என்பது ஆச்சிக்கு வெகுநாள் ஆசை.

இருவரின் உடல்நிலையும் இதுதான். செட்டியாருக்கு 2019-ல் மதுரையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. ஆச்சிக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்ட்டான் ஒன்று, தைராய்டுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று.

அந்த வீட்டில் செட்டியாருக்கு வந்தது நோய். ‘ஹார்ட்டுக்குப் பண்ணிக்கிட்டவர்’ என்று வருகிறவர் போகிறவரெல்லாம் விசாரிப்பார்கள். அவருடைய ரிப்போர்ட்டுகள் பிளாஸ்டிக் உறையில், தேதிவாரியாக, பீரோவுக்குள் இருக்கும். ஆச்சியுடைய மாத்திரைகளோ சமையல்கட்டு அலமாரியில் காப்பித்தூளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவில் கிடந்தன. சீட்டு எதுவும் சேர்த்து வைக்கப்படவில்லை. மருந்துக்கடைக்காரர் பழைய அட்டையைப் பார்த்துப் புது அட்டை கொடுப்பார். டாக்டரிடம் போனால் உண்டு, போகாவிட்டாலும் மாத்திரை நிற்காது. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் பெண்களின் சர்க்கரை இப்படித்தான் பார்க்கப்படுகிறது. பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் நிரப்பியது

சிங்கப்பூர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு காட்டினால்தான் விசா கிடைக்கும்; சிங்கப்பூருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆனாலும் அங்கே மருத்துவமனைச் செலவு எப்படிப் போகும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்நாட்டவருக்குக் கிடைக்கும் அரசு மானியம் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களுக்குக் கிடைக்காது. அதனால் அவர்தான் பாலிசி எடுக்கச் சொன்னார்.

திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ் தம்பியே காப்பீடும் போடுவார். ஜனவரி 5-ம் தேதி மாலை வீட்டுக்கு வந்து, கைபேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஏறக்குறைய ஒன்றாகவே சொன்னார்கள்.

“ஐயாவுக்கு உடம்புக்கு ஏதும் இருக்கா?”

“ஸ்டென்ட் வச்சிருக்கு தம்பி. அதைக் கண்டிப்பாப் போட்ருங்க. பின்னாடி பிரச்சினை வரக்கூடாது.”

“ஆச்சிக்கு?”

“எனக்கென்னப்பா, சுகர், பிரஷர்தான். வேற ஒண்ணுமில்ல.”

“அது இல்லாத வீடு ஏது ஆச்சி?” என்று சொல்லிவிட்டு, அவர் ‘இல்லை’ என்பதைத் தொட்டார்.

ஆச்சி எதையும் மறைக்கவில்லை. தம்பியும் ஏமாற்ற நினைக்கவில்லை. ‘ஆம்’ என்று போட்டால் அடுத்தடுத்துப் பக்கங்கள் திறக்கும். எந்த வருடம், என்ன மருந்து, ஆஸ்பத்திரியில் இருந்ததுண்டா என்று கேட்கும். செட்டியாருக்கு அதையெல்லாம் நிரப்பி, 2019 டிஸ்சார்ஜ் சம்மரியையும் படம் பிடித்து ஏற்றி முடிப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய பிரீமியம் கூடவும் செய்தது. ஆச்சிக்கும் அதே வேலையைச் செய்வானேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார்.

கடைசியில் செட்டியாரின் கைபேசிக்கு ஒரு ஓடிபி வந்தது. அவர் வாசித்துச் சொன்னார், தம்பி போட்டார். அந்த ஆறு எண்தான் கையெழுத்து. மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று இரண்டு பேர் சார்பிலும் கொடுத்த உறுதிமொழி. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. பேங்க் விஷயத்தில் ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று தெரிந்து வைத்திருக்கும் நம் மக்கள், இந்த மாதிரி விண்ணப்பங்களில் அதை வெறும் சடங்காகச் சொல்லிவிடுகிறார்கள்.

கையில் பாலிசி இருந்த பன்னிரண்டு நாட்கள்

மறுநாளே பாலிசி மின்னஞ்சலில் வந்தது. செட்டியார் அதைப் பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டார். ஆளுக்கு 50,000 அமெரிக்க டாலர். ஒவ்வொரு கிளைமிலும் முதல் 100 டாலர் நம் பொறுப்பு. இரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. அதில் செட்டியார் பெயருக்கு நேரே ‘இதய நோய், ஸ்டென்ட், 2019’ என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் ஆச்சியின் பெயர், வயது, பாஸ்போர்ட் எண், ஏற்கெனவே உள்ள நோய் என்ற கட்டத்தில் ‘இல்லை’. கீழே சின்ன எழுத்தில், விவரம் எதுவும் தவறாக இருந்தால் உடனே தெரிவிக்கவும் என்று ஒரு வாக்கியம். எல்லாம் ஆங்கிலத்தில்.

விமானம் ஏறியது 18-ம் தேதி. இடையில் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு மின்னஞ்சல் போதும், திருத்தியிருக்கலாம். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, பாஸ்போர்ட் எண் சரிதானா என்று மட்டும் செட்டியார் பார்த்தார். அவர் அளவில் அது பொறுப்பான சரிபார்ப்புதான்.

இன்னொன்றும் இருந்தது. இவர்களுக்கு உள்ளூரில் ஒரு மெடிகிளைம் பாலிசி பல வருடமாக ஓடுகிறது. அதில் ஆச்சியின் சர்க்கரை பதிவாகியிருந்தது, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலமும் முடிந்திருந்தது. ‘சுகருக்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டு’ என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. இந்தியாவுக்குள் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 36 மாதம் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது (அதற்கு முன் 48 மாதமாக இருந்தது). தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்கவும் முடியாது. பயணப் பாலிசியில் இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. அது முப்பது நாளில் பிறந்து முடியும் ஒப்பந்தம். ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். உள்ளூர்ப் பாலிசியில் பத்து வருடம் முன்னால் சொன்னது பயணப் பாலிசிக்கு வந்து சேராது. இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தாலும் இதே கதைதான். படித்தவர்கள்கூட இந்த இடத்தில் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் நடந்தது

தைப்பூசம் ஜனவரி 25. அதற்கு முதல் நாள் செட்டிப் பூசம். டேங்க் ரோட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, கியோங் சைக் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்பும். ஆச்சி ரதத்தின் பின்னால் செருப்பில்லாமல் கொஞ்ச தூரம் நடந்தார். ஊரிலும் அப்படித்தான், கோயில் என்றால் செருப்பை வாசலுக்கு வெகு முன்னாலேயே விட்டுவிடுவார்.

அவருக்கு ஏற்கெனவே இடது குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது. தார்ச்சாலையில் நடந்ததில் அது ஆழமாகப் பிளந்திருக்கிறது. வலி தெரியவில்லை. பல வருடச் சர்க்கரை பாதத்து நரம்புகளின் உணர்வைக் குறைத்துவிடும் என்பதால், காயம் பட்டதே பலருக்குத் தெரியாமல் போகும். 27-ம் தேதி இரவு குளிர்க்காய்ச்சல் வந்தது. விடிவதற்குள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்தது. மகள் ஆம்புலன்சுக்கு 995 அழைத்தார். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செல்லுலைட்டிஸ் என்றார்கள், அதாவது தோலுக்கு அடியில் பரவும் கிருமித்தொற்று. ரத்தச் சர்க்கரை 380-ஐத் தாண்டியிருந்தது. ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக், இன்சுலின். ஆறு இரவு அங்கே இருந்தார். கால் பிழைத்தது.

மொத்தப் பில் 9,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அன்றைய மதிப்பில் சுமார் 5.7 லட்சம் ரூபாய். சேர்க்கும்போதே முன்பணம் கேட்டார்கள், மாப்பிள்ளை தன் கார்டில் கட்டினார்.

மருத்துவமனையில் எடுத்த முடிவுகள்

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதும் இடம் இது.

அன்று விடிகாலை அவசரப் பிரிவில் ஆச்சி படுத்திருக்கும்போது, துணைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் மகளைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “சுகர்னு இங்க சொல்லாதம்மா. ரெக்கார்டுல ஏறிருச்சுன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது.” அக்கறையில் சொன்னதுதான். அந்த நேரத்தில் பணம் எவ்வளவு ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

மகள் கேட்கவில்லை. ஆத்தாளின் கைப்பையிலிருந்த அத்தனை மாத்திரை அட்டைகளையும் எடுத்து நர்சிடம் கொடுத்துவிட்டார். “எதை மறைச்சா எந்த மருந்து எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது. காசைப் பிறகு பாத்துக்கலாம்” என்றாராம். சரியான முடிவு. சர்க்கரை இருப்பது தெரிந்தால்தான் எந்த மருந்து, எவ்வளவு, எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் தீர்மானிக்க முடியும். ரத்தம் எடுத்த ஐந்தாவது நிமிடம் எப்படியும் தெரியப்போகிற விஷயத்தை மறைத்து, நோயாளி சொன்னதையே டாக்டர் சந்தேகிக்கும் நிலையை உண்டாக்குவது காலுக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.

அடுத்து, பாலிசியில் இருந்த உதவி எண்ணுக்கு அன்று காலையிலேயே மாப்பிள்ளை தகவல் சொன்னார். கேஷ்லெஸ் (கம்பெனியே நேரடியாக மருத்துவமனைப் பில்லைக் கட்டுவது) கேட்டதற்கு, பழைய மருத்துவ விவரம் வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஊர் திரும்புவதற்கு முன் விரிவான மருத்துவ அறிக்கை, இனவாரியான பில், கட்டிய ரசீது எல்லாவற்றையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாடு திரும்பிய பிறகு இவற்றை வாங்குவது பெரும்பாடு. போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டில் பயணத் தேதி தெரியும் பக்கங்களையும்கூடப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அளவுக்கு ஒழுங்கான கோப்பை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு கம்பெனி குடும்ப டாக்டரின் சான்றும் மூன்று வருடச் சிகிச்சை விவரமும் கேட்டது. சர்க்கரை சமீபத்தில்தான் தெரிந்தது என்று எழுதி வாங்கலாமா என்ற பேச்சு மறுபடி எழுந்தது. டாக்டர் முடியாது என்றார். குடும்பமும் வற்புறுத்தவில்லை. உள்ளூர் மெடிகிளைமில் ஏற்கெனவே பதிந்திருக்கும் நோயைப் புதிது என்று எழுதினால், சொல்லாமல் விட்டது பொய்ச்சான்றாக மாறிவிடும்.

நிராகரிப்பு

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தார்கள். ஒன்று, பல வருடச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு மூன்றும் விண்ணப்பத்தில் சொல்லப்படவில்லை. இரண்டு, ஏற்கெனவே உள்ள நோயும் அதன் விளைவாக வரும் சிக்கல்களும் இந்தப் பாலிசியில் சேராது; காலில் வந்த தொற்று சர்க்கரையின் விளைவு.

கடிதத்தோடு என்னிடம் வந்த செட்டியார் முதலில் கேட்டது இதைத்தான்: “எனக்கு எல்லாம் சொன்னோமே. அவளுக்கு மட்டும் எப்படி விட்டோம்?”

நாங்கள் எழுதிய பதிலும் அதன் காரணமும்

இரண்டு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவது என்று முடிவு செய்தோம். பலர் ‘நாங்கள் நேர்மையானவர்கள், பெரிய தொகை, கருணை காட்டுங்கள்’ என்று எழுதுவார்கள். கிளைம் பிரிவில் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

முதல் காரணத்துக்கு எங்கள் பதில்: ஆச்சி வாய்மொழியாகச் சொன்னார், நிரப்பியவர் பதியவில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது, வாசித்துக் காட்டப்படவில்லை. தம்பியும் இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். அவர் தொழிலுக்கு இடைஞ்சல் வரும் என்று தெரிந்தே கொடுத்தார், அதை மதிக்கிறேன். இரண்டாம் காரணத்துக்கு: தொற்று வந்தது காலில் பட்ட காயத்தால், சர்க்கரை இல்லாதவருக்கும் இது வரும். இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஒரு காரணம் என்று சிங்கப்பூர் அறிக்கையே சொல்லியிருந்தது. ஆனாலும் உண்மையான வாதம்தான் என்பதால் வைத்தோம்.

இந்த நேரத்தில் உறவினர் ஒருவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு. அமெரிக்காவில் ஒரு திருமணத்துக்குப் போக வெளிநாட்டு மெடிகிளைம் எடுத்திருந்த ஒருவருக்கு, சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்புக்கு மாத்திரை எடுப்பதைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இதை வைத்து நாமும் ஜெயித்துவிடலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தத் தீர்ப்பை உட்கார்ந்து படித்தால் வித்தியாசம் தெரியும். அந்த மனிதருக்குச் சர்க்கரை இருப்பது பாலிசி கொடுக்கும் முன்பே கம்பெனிக்குத் தெரியும், பரிசோதனைப் படிவத்திலேயே பதிவாகியிருந்தது. உடல்நிலையை மதிப்பிட்டு, பிரீமியம் வாங்கி, பாலிசியும் கொடுத்த பிறகு, அதே உடல்நிலையைக் காட்டி மறுக்கக்கூடாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. நம் ஆச்சியின் கட்டத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. மறுபக்கம் 2009-ல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சர்க்கரையையும் சிறுநீரகப் பாதிப்பையும் சொல்லாமல் விட்ட மெடிகிளைம் வழக்கில், கம்பெனி மறுத்தது சரி என்றது. பாலிசி கொடுக்கலாமா, என்ன பிரீமியம் வாங்கலாம் என்ற முடிவைப் பாதிக்கக்கூடிய எந்த உண்மையும் முக்கிய உண்மைதான் என்று அதில் இருக்கிறது. இதைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொன்னேன். ஜெயிக்க வாய்ப்பு குறைவு, ஆனால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதைப் பார்ப்போம் என்றேன்.

அது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன்) போவது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவும் அனுமதி இல்லை, நாமே பேச வேண்டும். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். பாதகமாக வந்தால் நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.

முடிவு

கம்பெனியின் அதிகாரி மே மாதம் பழைய காரணங்களையே திருப்பி எழுதினார். ஜூனில் புகார் கொடுத்தோம். விசாரணை வீடியோ வழியாக நடந்தது. ஆச்சியே பேசினார்: “நான் சொன்னேங்க. அந்தத் தம்பிகிட்ட சொன்னேன்.” அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் உத்தரவு கம்பெனிக்குச் சாதகமாகவே வந்தது. ஓடிபி குடும்பத்தின் சொந்தக் கைபேசிக்குத்தான் போனது. பாலிசி குடும்பத்தின் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. அதில் ‘இல்லை’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. திருத்த நாள் இருந்தும் திருத்தவில்லை. ஒரே விண்ணப்பத்தில் கணவரின் நோய் விவரமாகப் பதிவாகியிருப்பதால், இந்தக் கேள்வியின் முக்கியத்துவம் குடும்பத்துக்குத் தெரியாது என்றும் கொள்ள முடியாது. கடைசியாகச் சொன்ன காரணம் எனக்கு வலித்தது. செட்டியாரின் நேர்மையே ஆச்சிக்கு எதிரான சான்றாகிவிட்டது. ஆனாலும் காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவது கஷ்டம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். குடும்பம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக விரும்பவில்லை. 9,200 வெள்ளியும் மாப்பிள்ளையின் சேமிப்பிலிருந்து போனது. ஆச்சி அதை இன்னும் ஒரு கடனாகவே நினைக்கிறார்.

சொல்லியிருந்தால் முழுப் பணமும் வந்திருக்குமா? வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இதே பாலிசியில் செட்டியாரின் இதய நோய்க்குக் கிடைத்த பாதுகாப்பு எவ்வளவு என்று பார்த்தேன். உயிருக்கு ஆபத்தான அவசர நிலை மட்டும். நிலை சீராகும் வரைக்கும்தான். அதிலும் 5,000 டாலர் வரைதான். ஸ்டென்டைச் சொல்லி, கூடுதல் பிரீமியமும் கட்டிவிட்டோம், எது வந்தாலும் 50,000 டாலர் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சொல்வது ஒன்று, சொன்ன நோய்க்கு என்ன கிடைக்கும் என்பது வேறு. ஆனால் சொல்லியிருந்தால் முதல் காரணம் எழுந்திருக்காது. பாலிசியின் வரம்புக்குள் என்ன கிடைக்குமோ அதைக் கேட்டு வாதாட இடம் இருந்திருக்கும்.

எதை மாற்றிச் செய்யலாம்

‘என்ன வியாதி இருக்கிறது?’ என்ற கேள்வி நம் வீடுகளில் வேலை செய்யாது. ‘தினமும் என்ன மாத்திரை போடுகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டைக்கும் இது எதற்கு என்று எழுதினால் பட்டியல் தானாக வந்துவிடும். தைராய்டு, கொழுப்பு, மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து, கண் அழுத்தத்துக்குப் போடும் சொட்டு மருந்து, எல்லாம் அதில் சேரும். அதற்கு மேல் கேட்க வேண்டியது, முன்பு செய்துகொண்ட ஆபரேஷன்கள், டாக்டர் எடுக்கச் சொல்லி இன்னும் எடுக்காமல் இருக்கும் ஸ்கேன் அல்லது பரிசோதனை. கர்ப்பப்பை எடுத்ததைப் பெண்கள் தாமாகச் சொல்வது அரிது, கேட்டால்தான் சொல்வார்கள். பாலிசி எடுத்த பிறகு, கிளம்புவதற்கு முன் டாக்டர் மருந்தை மாற்றினாலும் கம்பெனிக்கு எழுதிவிட வேண்டும்.

நிரப்புகிறவர் மகனோ ஏஜெண்டோ யாராக இருந்தாலும், கடைசிப் பக்கத்தை ஒவ்வொருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே ஓடிபி சொல்ல வேண்டும். மனைவியின் பதிலுக்கு மனைவிதான் தலையாட்ட வேண்டும். பாலிசி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற கட்டத்தை. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதற்குப் பிறகு. கம்பெனிக்குக் கேள்வியை மின்னஞ்சலில் எழுதுங்கள்: ‘இந்த நோய்களைச் சொல்லியிருக்கிறோம், இவற்றுக்கும் இவற்றால் வரும் சிக்கல்களுக்கும் என்ன கிடைக்கும், எவ்வளவு வரை?’ வாயால் வரும் பதிலை நம்ப வேண்டாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் விற்கிற பாலிசிக்குத் தமிழில் ஒரு கேள்வித்தாள் கொடுப்பதும், நோயின் பெயரோடு மாத்திரையைப் பற்றியும் கேட்பதும் பெரிய காரியமில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் ‘இல்லை’ என்று போட்டால், இன்னொரு முறை கேட்கும்படி ஒரு பக்கத்தைச் சேர்க்கலாம். கிளைம் வரும்போது மூன்று வருடப் பழைய காகிதத்தைத் தோண்டி எடுக்கும் அக்கறை, பிரீமியம் வாங்கும் நாளிலும் இருக்க வேண்டும்.

அடுத்த பயணம்

2025-ல் இருவரும் மறுபடி சிங்கப்பூர் போனார்கள். இந்த முறை ஆச்சியே அந்தத் தகர டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். முதலில் கேட்ட கம்பெனி ஆன்லைனிலேயே முடியாது என்றது. இரண்டாவது கம்பெனி டாக்டர் சான்றும் புது ரத்தப் பரிசோதனையும் கேட்டது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை முன்பைவிடக் குறைந்திருந்தது. பிரீமியம் முந்தையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சொன்ன நோய்களுக்கு அவசர நிலையில் மட்டும், ஒரு வரம்பு வரை என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டோம். அந்த வரம்புக்கு மேல் ஆனால் என்ன செய்வது என்று பேசி, ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். மாத்திரைகள் முழுப் பயணத்துக்கும் டாக்டர் சீட்டோடு கைப்பையில் போயின. கோயில் வாசல் வரைக்கும் செருப்போடுதான் போவேன் என்று ஆச்சி மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கிளைம் எதுவும் வரவில்லை. டிராவல்ஸ் தம்பி இப்போது யாருக்குப் பாலிசி போட்டாலும், முதலில் மாத்திரை அட்டைகளை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்கிறார். சில பேர் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்களாம்.